லியேபாயா (லாத்வியா): ரிகாவிலிருந்து ஓர் இரவு தங்கிப் பார்க்க எதை எடுக்கலாம், எதை விடலாம்?

வழிப்போக்கன் கேட்டது:

வணக்கம். ஆகஸ்ட் நடுவில் நாலு பேர் ரிகா வரை வருகிறோம். அதில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர், முழங்கால் தொந்தரவு உண்டு, இருவர் சைவம். ரிகாவிலேயே அடைந்து கிடக்காமல் பால்டிக் கடலோரத்தில் ஒரு துறைமுக ஊரை ஓர் இரவு தங்கிப் பார்க்க நினைத்து லியேபாயாவைக் குறித்திருக்கிறோம்.

ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம். ஒருவர் ‘அருமையான கடற்கரை ஊர்’ என்கிறார். இன்னொருவர் சிறைச்சாலை, இடிந்த கோட்டை, கடற்படைத் தளம் என்று எழுதுகிறார். ஒரே ஊரைப் பற்றித்தான் பேசுகிறார்களா? ரிகாவில் இருப்பது போன்ற பழைய நகரம் அங்கே உண்டா? பேருந்தா, ரயிலா? கரோஸ்டா என்ற பகுதிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது? கடலில் குளிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்வெட்டு பதில்:

இருவர் சொல்வதும் சரிதான். ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மேற்கே கடல், கிழக்கே லியேபாயா ஏரி, நடுவில் ஒரு மணல் பட்டை. அந்தப் பட்டையை இரண்டு கால்வாய்கள் குறுக்கே வெட்டுகின்றன. தெற்கில் இருப்பது வணிகக் கால்வாய். அதற்குத் தெற்கே பழைய லியேபாயா, வடக்கே புதிய லியேபாயா. இன்னும் வடக்கே போனால் கடற்படைக் கால்வாய். அதைத் தாண்டினால் கரோஸ்டா. நிர்வாகத்தில் ஒரே நகராட்சி. பிறந்த காலமும் காரணமும் மூன்றுக்கும் வேறு வேறு.

1253-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் லீவா என்ற மீனவர் குடியிருப்பாக இந்த இடம் வருகிறது. 1625-ல் இந்தப் பகுதியை ஆண்ட கூர்லாந்து சிற்றரசின் டியூக் ஃப்ரீட்ரிக் கெட்லர் நகர உரிமை கொடுத்தார். பழைய ஆற்று முகத்துவாரம் மணலால் தூர்ந்துகொண்டே போனதால் 1697 முதல் 1703 வரை கடலை நோக்கிப் புதிதாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அதுதான் இன்றைய வணிகக் கால்வாய். ரஷ்யாவின் மகா பீட்டர் 1697-ல் மேற்கு ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் தங்கிய ஹோயர் அம்மையாரின் மர விடுதி இன்னும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம்.

1795-ல் கூர்லாந்து ரஷ்யப் பேரரசுக்குப் போனது. ஊர் பெருத்தது அதற்கும் வெகு காலம் கழித்து, 1871-ல் ரயில் வந்த பிறகு. குளிர்காலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் துறைமுகம் உறைந்துவிடும், ரிகாவிலும் பனிக்கட்டித் தொல்லை. இங்கே கடல் பெரும்பாலும் உறையாது. லிபாவு–ரோம்னி ரயில்பாதை உக்ரைன் பக்கத்துத் தானியத்தை நேராகக் கப்பல் துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. லிபாவு என்பது இதே ஊரின் ஜெர்மன் பெயர். பழைய வரைபடங்களில் அப்படித்தான் தேட வேண்டும். 1899-ல் மின்சார டிராம் ஓடியது, பால்டிக் நாடுகளில் அதுவே முதல். 1906-ல் நியூயார்க்குக்கு நேரடிக் கப்பல் தொடங்கி, ரஷ்யப் பேரரசை விட்டு வெளியேறிய பெருங்கூட்டம் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் போனது.

கரோஸ்டா விஷயம் வேறு. பனி உறையாத கடற்படைத் துறைமுகம் வேண்டும் என்று 1890-ல் மூன்றாம் அலெக்சாண்டர் போட்ட ஆணையால் வெறும் மணலில் எழுந்த ராணுவ நகரம் அது. தனித் தேவாலயம், தனிக் கால்வாய், சுற்றிலும் கோட்டை. 1904 அக்டோபரில் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஜப்பானோடு சண்டைக்குப் போய், மறுவருடம் மே மாதம் சுஷிமாவில் அழிந்த ரஷ்யக் கடற்படை அணி புறப்பட்டது இங்கிருந்துதான். கோட்டையின் கதை அதைவிட வேடிக்கை. கோடிகளைக் கொட்டிக் கட்டிவிட்டு, ஜெர்மன் எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு கோட்டை வைத்தது தவறு என்று 1908-ல் கைவிட்டு, அவர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் உலகப் போரில் 1915 மே மாதமே ஜெர்மானியர் கையில் ஊர் விழுந்தது.

1919-ன் முதல் பாதியில் இதுதான் நடைமுறையில் லாத்வியாவின் தலைநகர். ஏப்ரலில் ஜெர்மன் ஆதரவுப் படையினர் அரசைக் கவிழ்த்ததும், உல்மானிஸ் தலைமையிலான அரசு துறைமுகத்தில் நின்ற ‘சரத்தோவ்’ என்ற நீராவிக் கப்பலில் ஏறிக்கொண்டது. கோடைக்காலத்தில்தான் ரிகா திரும்பியது.

பழைய நகரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ரிகா மாதிரி கிடையாது. 1941 ஜூன் கடைசியில் ஜெர்மன், சோவியத் படைகளுக்கு இடையே நடந்த சண்டையில் பழைய மையம் பெருமளவு எரிந்துபோனது. ரோஜா சதுக்கத்தைச் சுற்றி ஒரே தெருவில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், சோவியத் கட்டடம், காலி மனை என்று மாறி மாறி வருவது அதனால்தான். தப்பியவற்றைப் பார்க்க கிராவுடு தெரு, குர்மாயா அவென்யூ பக்கம் போங்கள். 1871-லிருந்து முப்பது வருடம் நகரக் கட்டடக் கலைஞராக இருந்த பாவுல் மாக்ஸ் பெர்ச்சியின் கை ஊர் முழுக்கத் தெரியும்.

சோவியத் காலத்தில் 1967-ல் வணிகத் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். வெளியார் எளிதில் நுழைய முடியாத ராணுவ ஊரானது. ரஷ்யப் படை வெளியேறியது 1994-ல். கரோஸ்டாவில் ஜன்னல் இல்லாத அடுக்குமாடிகள் நிற்பதற்குக் காரணம் கேட்டால் இந்த வருடத்தைச் சொன்னால் போதும்: ஓர் ஊரளவு ஜனம் சில மாதங்களில் காலி செய்துவிட்டுப் போனது.

---

தண்டவாளம் பதில்:

வரலாற்றைக் கல்வெட்டு ஐயா சொல்லிவிட்டார். நான் போக்குவரத்துக்கு வருகிறேன்.

ரிகாவிலிருந்து சுமார் 215 கி.மீ. பேருந்தையே எடுங்கள்: நாள் முழுக்க உண்டு, மூன்று முதல் மூன்றரை மணி நேரம். ரயில் மிகக் குறைவு. அதன் நேரத்துக்கு உங்கள் பயணத்தை வளைக்க வேண்டி வரும், ஓரிரவுப் பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது. டிக்கெட்டை மொபிலி செயலியில் எடுத்துவிடலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் வண்டி நிரம்பும். அந்த இரண்டு வேளைக்கு மட்டும் முன்பதிவு அவசியம்.

பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் ஒரே இடத்தில், புதிய லியேபாயாவில் இருக்கின்றன. இறங்கியதும் எதிரே தெரிவதைப் பார்த்து ‘இதுதானா ஊர்’ என்று சோர்ந்துவிடாதீர்கள். மையம் கால்வாய்க்கு அப்பால் சுமார் ஒன்றரை கி.மீ. தள்ளி இருக்கிறது. நிலையத்து வாசலிலேயே டிராம். ஊருக்கே ஒரு டிராம் தடம்தான். திசையை மட்டும் கேட்டுக்கொண்டு ஏறினால் போதும். பெட்டிக்கும் தரைக்கும் நடுவே உயரப் படி இல்லாத புது வண்டிகள் ஓடுகின்றன, முழங்காலுக்கு நல்லது.

முதல் நாள், மதியம் வந்து சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், வணிகக் கால்வாயின் தென்கரையில் ஆரம்பியுங்கள். பழைய செங்கல் கிடங்குகள், படகுகள், அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) துண்டுகளால் நிரப்பிய பெரிய மணற்கடிகாரம் ஒன்று. அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் ‘பெரிய அம்பர்’ இசையரங்கம், 2015-ல் திறந்தது, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபோல்கர் கீங்கே வடிவமைத்தது. சரிந்து நிற்கும் ஆரஞ்சு நிறக் கண்ணாடிப் பெட்டி. மேகம் மூடிய நாளில் சாதாரணமாக இருக்கும். மாலை வெயில் படும்போது பாருங்கள். 1881-ல் தொடங்கிய லியேபாயா சிம்பனி இசைக்குழுவுக்கு அதுதான் வீடு.

பிறகு புனித மூவொருமைப் பேராலயம். வெளியே எளிமை, உள்ளே வெள்ளையும் தங்கமுமாக ரொக்கோகோ வேலைப்பாடு. இதை விடக் கூடாது என்பதற்குக் காரணம் ஆர்கன் என்ற குழல் இசைக்கருவி: 131 ஸ்டாப் (ஒவ்வொன்றும் தனி ஒலித்தன்மை கொண்ட குழல் தொகுதி), நான்கு விசைப்பலகை வரிசை, 7,000-க்கு மேல் குழல்கள். 1885-ல் பார்னிம் க்ரூனெபெர்க் பழைய கருவியை விரிவாக்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்தார். 1912 வரை உலகிலேயே பெரியது. அதன் பிறகு பெரியவை வந்துவிட்டன. ஆனால் விசையிலிருந்து குழல் வரை மின்சாரம் இல்லாமல் இயந்திர இணைப்பிலேயே இயங்கும் பழைய ஆர்கன்களில் இன்றும் இதன் இடம் தனி. நாள் அமைந்தால் கச்சேரி கேளுங்கள். கோபுரம் ஏறலாம், ஆனால் படிகள் குறுகலும் செங்குத்துமானவை. முழங்கால்காரர் கீழே ஆர்கன் எதிரே உட்கார்ந்திருக்கட்டும்.

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் ஒன்று: புனித அன்னா தேவாலயம். கட்டடம் 1893-ல் வந்தது, உள்ளே உள்ள மரப் பலிபீடச் சிற்பம் 1697-ஆம் ஆண்டினுடையது. கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரம். எதிரே பீட்டர் சந்தை, 1910-ல் கட்டிய மண்டபம். சந்தைக்குக் காலையில் போங்கள், மதியத்துக்கு மேல் மேசைகள் காலியாகிவிடும்.

மாலையில் கடற்கரைப் பூங்கா. சுமார் 3 கி.மீ. நீளம், கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே மணல் பறக்காமல் இருக்க மரம் நட்டுத் தொடங்கியது. ஆகஸ்ட் நடுவில் சூரியன் மறைவது இரவு ஒன்பது மணி வாக்கில், அதனால் அவசரமே இல்லை.

இரண்டாம் நாள் காலை முழுவதும் கரோஸ்டாவுக்கு. குறைந்தது நான்கு மணி நேரம். மையத்திலிருந்து நாலைந்து கி.மீ., நகரப் பேருந்து உண்டு. நாலு பேர் என்பதால் டாக்சி கட்டுப்படியாகும். வழியில் கால்பக்ஸ் பாலம் வரும், 1906-ஐச் சேர்ந்த இரும்புச் சுழல் பாலம். கப்பல் வந்தால் இரண்டு பாதியும் பக்கவாட்டில் சுழன்று திறக்கும். திறக்கும் நேரத்தில் மாட்டினால் காத்திருக்க வேண்டியதுதான். ஊர் திரும்பும் பேருந்துக்கு நேரம் கணக்கிடும்போது இதற்கு அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-ல் ஒரு கப்பல் மோதிச் சிதைத்து, 2009-ல்தான் மறுபடி போக்குவரத்துக்கு வந்தது.

கரோஸ்டாவில் தூரத்தை முதலில், பக்கத்தைப் பிறகு முடியுங்கள்: டாக்சியில் நேராக வடக்குக் கோட்டைகள், திரும்பும்போது வடக்கு அலைதாங்கி, கடற்படைப் பேராலயம், கடைசியில் சிறை. எதிர்த்திசையில் போனால் சிறையிலேயே நேரம் கரைந்து, கோட்டை விட்டுப்போகும்.

பேராலயம் 1900–1903-ல் கட்டியது, வடிவமைத்தவர் வசீலி கோஸ்யாகோவ். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: நடுக் குவிமாடத்தைத் தாங்கத் தூண் எதுவும் இல்லை, ஒன்றையொன்று வெட்டும் வளைவுகளிலேயே நிற்கிறது. சோவியத் காலத்தில் இதை உடற்பயிற்சிக் கூடமாகவும் சினிமா அரங்காகவும் பயன்படுத்தினார்கள். இன்று வழிபாடு நடக்கும் ஆர்த்தடாக்ஸ் ஆலயம். பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்திருங்கள், பூசை நேரத்தில் படம் எடுக்க வேண்டாம்.

சிறை 1900-ல் மருத்துவமனையாக எண்ணிக் கட்டப்பட்டு, ஒழுங்கு மீறிய படையினருக்கான காவற்கூடமாக மாறியது. ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது, பயன்பாடு மாறவில்லை. 1997 வரை ஓடியது. உள்ளே வழிகாட்டியோடுதான் சுற்றிக் காட்டுவார்கள். ஆங்கிலச் சுற்று எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். கைதிபோல இரவு தங்குவது, அதட்டல் நாடகம் எல்லாம் விற்கிறார்கள். என் கருத்தில் சாதாரணச் சுற்றே போதும். அந்த இடத்துக்கு மேற்கொண்டு மசாலா தேவையில்லை.

---

உப்புக்காற்று பதில்:

கடல் பக்கம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

தண்ணீர். குளிக்கலாம். நல்ல வெண்மணல், சரிவு மெதுவானது, ஆழத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். உப்பு லிட்டருக்கு ஏழு கிராம் அளவுதான், பெருங்கடலில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகஸ்ட்டில் 18–20 டிகிரி இருக்கும். ஆனால் வடக்குக் காற்று ஓரிரு நாள் விடாமல் அடித்தால் மேல்நீர் கரையை விட்டு ஒதுங்கி, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். வெயில் கொளுத்தும்போதே தண்ணீர் 10–12 டிகிரிக்கு இறங்கிவிடும். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அன்றைய நீர் வெப்பத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அலைதாங்கியும் கோட்டையும். வடக்கு அலைதாங்கி சுமார் 1.8 கி.மீ. கடலுக்குள் போகிறது. காற்று குறைந்த நாளில் அருமை. மேற்குக் காற்றில் அலை மேலேறி அடிக்கும், கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவே இடைவெளிகள், பாசி. முழங்கால்காரர் முதல் இருநூறு மீட்டரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். கோட்டைகளில் கடற்கரை மணலில் நின்று பாருங்கள், சாய்ந்த பாளங்கள் மேல் ஏறாதீர்கள்: அடியில் மணல் அரித்துப்போய் வெற்றிடம், முனைகளில் துருப்பிடித்த கம்பி.

அரிப்புக்குக் காரணமும் அதே துறைமுகம்தான். இந்தக் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதாங்கிகள் அதை மறித்ததால் தென்புறம் மணல் சேர்ந்து நகரக் கடற்கரை அகலமாகிறது; வடபுறத்துக்கு மணல் வராமல் கரை தேய்ந்து கோட்டை கடலில் விழுகிறது. அகலக் கடற்கரையும் கவிழ்ந்த கோட்டையும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

அம்பர். இதைக் கவனமாகப் படியுங்கள். கரையில் மஞ்சள் துண்டு கிடந்தால் எல்லாரும் குனிவார்கள். கடலில் கொட்டிய பழைய தீக்குண்டுகளிலிருந்து வெண்பாஸ்பரஸ் துண்டுகளும் லியேபாயா கரையில் ஒதுங்கியிருக்கின்றன. பார்க்க அச்சு அசல் அம்பர்: அதே மெழுகு மஞ்சள், அதே வழவழப்பு. ஈரமாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும். காய்ந்து 30 டிகிரி வாக்கில் சூடானால் தானாகப் பற்றும். கால்சட்டைப் பையின் உடல்சூடு அதற்குப் போதும், சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அதனால்:

– எடுத்ததைப் பையில் போடாதீர்கள். மூடியுள்ள தகர டப்பாவில், கொஞ்சம் கடல்நீரோடு வையுங்கள்.
– 100 மி.லி. நீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். அம்பர் மிதக்கும், பாஸ்பரஸும் சாதாரணக் கல்லும் மூழ்கும். மூழ்கியதைக் காயவைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம்.
– பூண்டு வாடை, வெண்புகை தெரிந்தால் தள்ளிவிட்டு விலகுங்கள். உடையில் பற்றினால் உடையைக் கழற்றி எறிந்து, பட்ட இடத்தை நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள். தேய்த்தால் பரவும்.

ஆகஸ்ட்டில் பெரிய அம்பர் கிடைப்பது அபூர்வம். அது இலையுதிர்கால, குளிர்காலப் புயலுக்குப் பிறகு கடற்பாசிக் குவியலோடு வரும். அம்பர்தான் பார்க்க வேண்டுமென்றால் கைவினைஞர் இல்லத்தில் 123 மீட்டர் நீள அம்பர் மாலை தொங்குகிறது, அங்கே பாருங்கள்.

---

வழிப்போக்கன்:

எல்லாருக்கும் நன்றி. பாஸ்பரஸ் விஷயம் எந்தச் சுற்றுலாக் கட்டுரையிலும் கண்ணில் படவில்லை. இரண்டு சந்தேகம் மட்டும். கரோஸ்டாவுக்கு வடக்கே ஷ்கேதே என்று ஒரு நினைவிடம் வரைபடத்தில் தெரிகிறது, அது என்ன? சைவம் சாப்பிடும் இருவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?

---

கல்வெட்டு பதில்:

நாஜி ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது ஷ்கேதே மணல்மேடுகளில்தான் லியேபாயாவின் யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1941 டிசம்பர் 15 முதல் 17 வரை மூன்றே நாளில் 2,749 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கொன்றவர்களில் ஒருவன் அதைப் படமெடுத்து வைத்திருந்தான். அவன் இருப்பிடத்தில் மின்வேலை பார்த்த தாவித் ஸிவ்கோன் என்ற யூதர் அந்தப் படச்சுருளைக் கண்டெடுத்து, ரகசியமாகப் பிரதியெடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார். அந்தப் பிரதிகள்தான் இன்று சான்று. நினைவிடம் 2005-ல் அமைத்தது, மேலிருந்து பார்த்தால் ஏழு கிளை விளக்கின் வடிவம்.

பேருந்தை நம்ப வேண்டாம், கார் வேண்டும். கோட்டைகளுக்கு எடுக்கும் டாக்சியையே நிறுத்தி வைத்துப் போய்வரப் பேசிக்கொள்ளுங்கள். போய்விட்ட டாக்சி அங்கே மறுபடி கிடைக்காது.

---

தண்டவாளம் பதில்:

சாப்பாடு. ஊரின் அடையாளம் ‘லியேபாயா மென்ஸிங்’, புகைபோட்ட காட் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், கிரீம், மேலே சோயாக்கீரை, மண்சட்டியில். சைவம் இல்லாத இருவரும் அதைச் சாப்பிடட்டும். கிழக்கு பால்டிக் காட் மீன் அருகிப்போய் 2019 முதல் அதைக் குறிவைத்துப் பிடிக்கத் தடை இருப்பதால், தட்டில் வருவது வேறு கடல் மீனாகவே இருக்கும்.

சைவத்துக்கு: உருளைக்கிழங்கு அடை புளித்த பாலேட்டோடு எங்கும் கிடைக்கும். கோடையில் பீட்ரூட் குளிர் சூப் உண்டு. கெஃபிர் என்ற புளித்த பால், வெள்ளரி சேர்த்தது. முட்டை இருக்கும், சில இடங்களில் சாசேஜும் நறுக்கிப் போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்க்லாந்த்ராவுஸிஸ் என்ற ரை மாவு ஓட்டில் உருளையும் கேரட்டும் வைத்துச் சுட்ட இனிப்பு அடை இந்தப் பகுதிக்கே உரியது, சந்தையில் தேடுங்கள். அதிலும் முட்டை உண்டு. சாம்பல் பட்டாணி என்று பட்டியலில் பார்த்து நம்பிக் கேட்டுவிடாதீர்கள், பன்றிக் கொழுப்பில் வதக்கித்தான் வரும். ‘பெஸ் கால்யஸ்’ என்றால் இறைச்சி இல்லாமல், ‘பெஸ் ஸிவீம்’ என்றால் மீன் இல்லாமல். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்; முதலாவதை மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும்.